இன்னொரு கை யூரியா

என் ஓரகத்தி வீட்டில் சாப்பிட உட்காரும் முன் கண்ணாடி வளையல்களைக் கழற்றி வைத்துவிடுவேன். போதும் என்று இலையை மறைக்க இரண்டு கையும் வேண்டியிருக்கும். அந்த மல்லுக்கட்டில் வளையல் உடைந்தால் மணிக்கட்டைக் கீறிவிடும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் ஒருநாள் இலைமேல் கையை வைத்து, "போதுங்க்கா" என்றேன். அவள் அந்தக் கையின் மேலேயே கொதிக்கிற மொச்சைக் குழம்பை ஊற்றிவிட்டாள். வேண்டுமென்று அல்ல. இலையில் சோறு கொஞ்சமாக இருந்தது மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது, கை தெரியவில்லை. புறங்கை கொப்பளித்துப் போயிற்று. ஐயோ ஐயோ என்று பதறிக்கொண்டு அவளே மருந்து தடவினாள். முழங்கை வரைக்கும் தடவினாள்.

ஓரகத்தி என்றால் என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. எனக்கு அக்கா, அவருக்கு மதினி. நல்லவள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்லப்போவதைக் கேட்டு யாரும் அவளைப் பொல்லாதவள் என்று நினைத்துவிடக் கூடாது. பொல்லாதவளாக இருந்திருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். பொல்லாதவர்களோடு சண்டை போடலாம், பேச்சை நிறுத்தலாம், வேலி போடலாம். இவளிடம் அதெல்லாம் நடக்காது. மதுரை வில்லாபுரத்துக்குக் குடிவந்து இத்தனை வருஷம் ஆகியும், வாசலில் யாராவது கனத்த காலடி வைத்தால் எனக்கு அவள் ஞாபகம்தான் வருகிறது.

நல்ல உயரம். உள்ளங்கை முறம் மாதிரி இருக்கும். அவள் ஒரு கை அள்ளினால் நம் கணக்கில் அது இரண்டு கை. யாருக்கு எதைக் கொடுத்தாலும் கொடுத்து முடித்தபிறகு ஒரு கணம் நின்று பார்ப்பாள். பிறகு, "இன்னொரு கை வாங்கிக்க" என்பாள். அந்த இன்னொரு கை இல்லாமல் அவள் எதையும் விட்டு நான் பார்த்ததில்லை. வேண்டாம் என்றால் கோபப்படமாட்டாள். முகம் அப்படியே வாடிப்போய்க் கண்ணில் தண்ணீர் கட்டிவிடும். "பாதி வயித்தோட எந்திரிக்கிறியே" என்பாள். சின்ன வயதில் பட்டினி கிடந்து வளர்ந்தவள் என்று மூத்தவர், அதாவது அவள் வீட்டுக்காரர், ஒருமுறை சொன்னார். அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. பேச வாயைத் திறந்தால் ஏப்பம்தான் முதலில் வரும்.

அந்த மூத்தவருக்கே ஒருமுறை விஷக்காய்ச்சல் வந்தது. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தார். அவள் எல்லாவற்றையும் பொடித்து வெந்நீரில் கரைத்து ஒரே வேளையில் புகட்டிவிட்டாள். "நாலு நாள்ல போற காய்ச்ச இன்னைக்கே போகட்டுமே" என்று எனக்கு விளக்கமும் சொன்னாள். காய்ச்சல் போனது. கூடவே அவரும் போய்விடுவாரோ என்று நாங்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். உடம்பு சில்லிட்டு, வேர்த்து, கட்டில் கயிறெல்லாம் நனைந்துவிட்டது. சாயங்காலம் அவர் கண்ணைத் திறந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "கஞ்சி குடிக்கிறீகளா?"

அன்றைக்கு நான் சிரித்தேன். அடுத்தது என் மகளுக்கு நடந்தபோது சிரிப்பு நின்றுபோயிற்று.

பாப்பா அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தாள். பிள்ளைக்கு வயிறு சரியில்லையென்றால் வசம்பைச் சுட்டுக் கல்லில் ஒரு இழைப்பு இழைத்து நாக்கில் தொட்டு வைப்பது எல்லார் வீட்டிலும் உண்டு. நான் தோட்டத்தில் இருந்தேன். பாப்பா அழுதிருக்கிறாள். அக்கா வசம்பு முழுவதையும் இழைத்துப் பால் புகட்டும் பாலாடையில் ஊற்றிக் கொடுத்திருக்கிறாள். நான் வந்து பார்த்தபோது பிள்ளை துவண்டு கிடந்தது. கூப்பிட்டால் திரும்பவில்லை, கண் மேலே செருகியிருந்தது. "அசந்து தூங்குது, எழுப்பாத புள்ள" என்று என் கையைப் பிடித்தாள். அந்தக் கையை உதறிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பேரையூர் போகிற பஸ்ஸில் பாதி வழியில் பாப்பா வாந்தி எடுத்து, வீரிட்டு அழுதாள். என் ஆயுளில் நான் கேட்ட நல்ல சத்தம் அதுதான். அதற்குப் பிறகு குளிக்கப் போனாலும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே போனேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. பேரையூருக்கு மேற்கே எங்கள் நிலம். அண்ணன் தம்பி இருவருக்கும் சரிபாதி, நடுவில் ஒரே கிணறு. ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் முறை. என் வீட்டுக்காரருக்கு மதுரையில் ஒரு மில்லில் வேலை. வில்லாபுரத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தார், ஞாயிற்றுக்கிழமை வருவார். எங்கள் பாதியை விற்றுவிட்டு என்னையும் அங்கே கூட்டிப்போக வேண்டும் என்பது அவர் எண்ணம். விலைக்குக் கேட்க ஆளும் வந்துவிட்டார்கள். நான்தான் பிடிவாதமாக நின்றேன். பிறந்த வீட்டில் அப்பா சொன்னது, புகுந்த வீட்டில் இவர் சொன்னது என்று நடந்தவள் நான். அந்தப் பாதி நிலத்தில் மட்டும் நான் வைத்ததுதான் சட்டம். கெஞ்சிக் கூத்தாடி ஒரே ஒரு அவரை வெள்ளாமைக்குத் தவணை வாங்கினேன். "சரி, இந்த அவரை காய்ச்சா நீ இங்கயே இரு. காய்க்கலேன்னா வித்துருவோம்" என்றார்.

அவரை நெல் மாதிரி அல்ல. வேரில் முடிச்சு முடிச்சாக வைத்துக்கொண்டு காற்றிலிருக்கிற சத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். ஊன்றும்போது கொஞ்சம் உரம் கொடுத்தால் போதும். அதற்குமேல் யூரியாவைக் கொட்டினால் கொடி ஓடும், இலை பெருக்கும், பூ வராது. உர டிப்போவில் இருந்தவர் இதை எனக்கும் அக்காவுக்கும் ஒன்றாக நிற்கவைத்துத்தான் சொன்னார். விதையில் கலக்க ஆளுக்கொரு கறுப்புப் பொடிப் பாக்கெட்டும் கொடுத்தார், வேரில் முடிச்சு நன்றாகப் பிடிக்குமாம். நான் ஆறின கஞ்சியில் பொடியைக் குழைத்து, விதையைப் புரட்டி, நிழலில் உலர்த்தி ஊன்றினேன். அவள், "விதைக்குக் கரி பூசச் சொல்றாரு, கேட்டியா?" என்று சிரித்துவிட்டுப் பாக்கெட்டைக் கூரை எரவாணத்தில் செருகினாள்.

யூரியாவோ அவளுக்கென்றே செய்து அனுப்பியது மாதிரி இருந்தது. வெள்ளை வெளேரென்ற குருணை, அள்ளினால் கைக்குச் சில்லென்று இருக்கும். போட்டுத் தண்ணீர் விட்டால் வாரத்துக்குள் இலை கருகருவென்று ஆகிவிடும். கொடுத்தது உடனே கண்ணுக்குத் தெரியும். வேறென்ன வேண்டும் அவளுக்கு? துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இருந்த கறிவேப்பிலைக் கன்றுக்குப் போட்டாள், துளசிக்குப் போட்டாள். துளசி சீக்கிரமே கருகிவிட்டது. "வைக்கும்போதே அது நோஞ்சான்" என்றாள்.

அவளுடைய அவரைத் தோட்டத்தை ஊரே நின்று பார்த்தது. பந்தல் தெரியாமல் கொடி மூடி, இலை ஒவ்வொன்றும் அகல அகலமாக, உள்ளே ஆள் நுழைந்தால் தெரியாது. பூ மட்டும் இல்லை. அவள் அதைப் பசி என்று முடிவு செய்தாள். "இம்புட்டு வளந்த புள்ள, இதுக்கு இந்தச் சோறு எப்படிக் காணும்?" என்று இன்னொரு கை போட்டாள். கொடி இன்னும் ஓடியது. கொழுந்தில் அசுவினிப் பூச்சி அப்பியது. பூ வரவில்லை. மறுபடியும் போட்டாள்.

வரப்புக்கு இந்தப் பக்கம் என் அவரை வெளிறின பச்சையில் சிக்கனமாக நின்றது. ஆனால் கணுவுக்குக் கணு பூங்கொத்து எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தது. நான் விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்ப்பேன். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் அவள் வரப்பில் நிற்பதைக் கவனித்தேன். இடுப்பில் கைவைத்து, தலையைச் சாய்த்து, என் செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இலையில் சோறு குறையும்போது பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"என்ன புள்ள இது, இப்படி வெளுத்துப் போய்க் கெடக்கு? பாக்கவே வயிறு எரியுது."

"இது இப்படித்தாங்க்கா இருக்கணும்" என்றேன்.

"யாரு சொன்னா? வாய் இருந்தா அழும். வாயில்லாம நிக்கிது."

அதற்கப்புறம் தினமும் வந்தாள். ஒன்றும் செய்யமாட்டாள், நின்று பார்ப்பாள், பெருமூச்சு விடுவாள், போவாள். நான் தோட்டத்தை விட்டு நகரப் பயந்தேன். சோற்றுப் பானையை அடுப்பில் வைத்துவிட்டு வந்து எட்டிப் பார்ப்பேன். மடியில் எதையாவது கட்டிக்கொண்டு அவள் நடந்தால் அது உப்பா, புளியா, யூரியாவா என்று பார்த்துக்கொண்டே நிற்பேன்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் அவளைக் கூப்பிட்டேன். ஓரத்துச் செடி ஒன்றை வேரோடு பிடுங்கி மண்ணை உதறிக் காட்டினேன். வேர் நெடுகக் கடுகும் மிளகுமாக முடிச்சுகள். "இதுதாங்க்கா அதுக்குச் சோறு போடுது. நாம போட வேண்டியதே இல்ல. உள்ள பாருங்க" என்று ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளினேன். உள்ளே சிவந்திருந்தது. அப்படிச் சிவந்திருந்தால் அது நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம்.

அவள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். "ஆத்தாடி! வேரெல்லாம் கொப்புளமாவுல்ல இருக்கு! உள்ள ரத்தங் கட்டிப் போச்சே!"

"இல்லக்கா, அது..."

அவள் கேட்கவில்லை. விறுவிறுவென்று தன் தோட்டத்துக்குள் நுழைந்து ஒரு செடியைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். அந்த வேரில் ஒரு முடிச்சுகூட இல்லை. வெளியிலிருந்து கொட்டக் கொட்ட அந்தச் செடி முடிச்சே கட்டவில்லை. "எம்புள்ளைக வேரப் பாரு, கழுவி வச்ச மாதிரி இருக்கு. உன்னுதுக்கு என்னமோ நோவு கண்டுருச்சு தாயி. முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?" சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. என் கன்னத்தைத் தடவினாள். இதுவரைக்கும் என் செடிகள் அவளுக்குப் பசித்த பிள்ளைகளாக மட்டும் இருந்தன. இப்போது சீக்குப் பிள்ளைகளாகவும் ஆகிவிட்டன.

அந்த வாரமே மதுரையிலிருந்து ஆள் வந்தது. வீட்டுக்காரருக்கு மஞ்சள் காமாலை, எழுந்து நடக்க முடியவில்லை என்று. போகாமல் இருக்க முடியாது. பாப்பாவைத் தூக்கிக்கொண்டேன். மூத்தவரைத் தனியாகக் கூப்பிட்டு, "என் முறைக்குத் தண்ணி மட்டும் விட்டாப் போதும் மாமா, வேற எதுவும் வேணாம்" என்று இரண்டு தடவை சொன்னேன். தலையாட்டினார், ஏப்பம் விட்டார். அக்கா பஸ் ஏற்றிவிட வந்தாள்.

"நீ நிம்மதியாப் போயிட்டு வா. நான் இருக்கேன்ல."

பஸ் கிளம்பிவிட்டது. அந்தக் கடைசி இரண்டு வார்த்தையை வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன். வில்லாபுரத்து அறையில் அவர் மஞ்சளாகச் சுருண்டு படுத்திருந்தார். அவருக்கு மோர்ச்சோறு பிசையும்போதும், கீழாநெல்லி அரைக்கும்போதும், என் கண்ணுக்குள் அந்த முறம் மாதிரிக் கைதான் விரிந்து விரிந்து வந்தது. கட்டிய புருஷன் சீக்காகக் கிடக்கையில் அவரைச் செடிக்குப் பயப்படுகிறவள் உண்டா என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். பயம் குறையவில்லை.

அவர் எழுந்து உட்கார்ந்ததும் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பினேன். பையைக்கூட வீட்டில் வைக்காமல் தோட்டத்துக்குப் போனேன். வரப்பில் கால் வைத்ததும் புதைந்தது. மண் சேறாகக் கிடந்தது. என் அவரை, நான் விட்டுப்போன அந்த வெளிறின பச்சை அவரை, கருநீலம் அடித்துப்போய் நின்றது. இலை ஓரமெல்லாம் கருகிச் சுருண்டிருந்தது. பூ முழுவதும் உதிர்ந்து சேற்றில் ஒட்டிக் கிடந்தது. கிணற்று மோட்டார்த் தொட்டியின் சுவரில் வெறும் யூரியாச் சாக்கு கழுவிக் காயப்போட்டிருந்தது.

அவள் மறு பக்கத்திலிருந்து ஓடி வந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. "வந்துட்டியா? பாத்தியா, எப்படித் தெளிஞ்சு போச்சுன்னு?"

யூரியாவுக்கு அப்போது கடுமையான தட்டுப்பாடு. டிப்போவில் பொழுதன்னைக்கும் வரிசையில் நின்று ஒரு மூட்டை வாங்கியிருக்கிறாள். பஸ் டாப்பில் ஏற்றி வந்து, இறங்கினதும் தலையில் வைத்து நடந்திருக்கிறாள். அதைத் தொட்டியில் கொட்டிக் கரைத்து, வாய்க்கால் வழியாக மொத்தத்தையும் என் தோட்டத்துக்கே அனுப்பியிருக்கிறாள். நோவு கண்ட பயிருக்குத் தாகம் அதிகமாக இருக்கும் என்று தன் முறைத் தண்ணீரையும் விட்டிருக்கிறாள்.

"உங்க தோட்டத்துக்கு?" என்றேன்.

"அதுக்கு என்ன, கல்லு மாதிரி இருக்கு. சீக்குப் புள்ளைக்குப் போட்டுட்டுத்தான மத்ததுக்கு?" பிறகு என் தோளைத் தொட்டு, "எங்க தோட்டத்துக்குன்னு அரைச் சாக்குகூட எடுத்து வைக்கல. எல்லாம் உனக்குத்தான்" என்றாள்.

என்ன சொல்லித் திட்டுவது? அவள் உள்ளங்காலில் நடந்து நடந்து பித்தவெடிப்பில் ரத்தம் வந்து காய்ந்திருந்தது. என் தோட்டத்தைக் கொன்றுவிட்டு, அதற்காக ரத்தமும் சிந்திவிட்டு நிற்கிறாள். நான் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுகைச் சத்தம் கேட்டால் சோறு கொண்டு வந்துவிடுவாளோ என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

என் அவரை அப்புறம் எழுந்திருக்கவில்லை. தப்பின கொடி வெறும் இலையாக ஓடியது, அசுவினி அடைந்தது, வெயிலும் வந்துவிட்டது. அவள் பக்கத்தில் நடந்ததுதான் வேடிக்கை. யூரியாவும் இல்லாமல், முறைத் தண்ணீரும் இல்லாமல் காய்ந்து கிடந்த அந்தக் காடு, இனிப் பிழைக்க வேண்டும் என்று நினைத்ததோ என்னவோ, இலையைப் பாதி உதிர்த்துவிட்டுப் பூவெடுத்தது. கொத்துக் கொத்தாகக் காய்த்தது. அவளுக்கு அது ஏன் என்று கடைசிவரை தெரியவில்லை. ஆரம்பத்தில் ஊட்டினது இப்போது ஒட்டியிருக்கிறது என்றாள்.

அவர் உடம்பு தேறி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். நிலத்தை விற்பது பற்றிப் பேசி முடிக்கத்தான் வந்தார். என் தோட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். தோற்றாயிற்று என்று இருந்தேன். அப்போது அக்கா தலையில் ஒரு கூடையும் இடுப்பில் ஒரு கூடையுமாக அவரைக்காய் கொண்டுவந்து நடுவீட்டில் இறக்கினாள். மூத்தவர் பின்னாலேயே வண்டியில் மூட்டை மூட்டையாக ஏற்றி வந்தார்.

"எல்லாம் உங்களுக்குத்தான் தம்பி. சந்தைக்கு ஏத்துங்க. உங்க அவரை, எங்க அவரைன்னு என்ன இருக்கு? நிலத்த விக்காதீக. இந்தப் புள்ள இங்க இருக்கணும்னு எம்புட்டு ஆசப்பட்டுச்சு!"

என் வீட்டுக்காரர் கண்கலங்கிவிட்டார். "மதினி இருக்கும்போது நமக்கு என்ன கொறை?" என்று என்னைப் பார்த்தார். "விக்கல. நீ ஆசப்பட்டபடியே இங்கயே இரு."

நான் எதற்காகக் கெஞ்சினேனோ, எதற்காகத் தூக்கம் கெட்டேனோ, அது என் மடியில் விழுந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டியவள் நான். அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அடுத்த வெள்ளாமைக்கு நீ கவலையே படாத. ஊன்ற அன்னைக்கே நான் வந்துர்றேன். ரெண்டு தோட்டத்தையும் ஒண்ணாவே பாத்துக்கிறேன். பாப்பாவையும் எங்கிட்ட விட்டுரு, எப்படி எளைச்சுப் போச்சு பாரு." கையை நீட்டினாள். என் மகள் சிரித்துக்கொண்டு இரண்டு கையையும் தூக்கி அவளிடம் தாவினாள்.

பிள்ளையை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். "வித்துருவோங்க" என்றேன் வீட்டுக்காரரிடம்.

"என்னது?"

"வித்துருவோம். நாங்களும் மதுரைக்கே வாரோம். எனக்கு இங்க பயமா இருக்கு."

"இம்புட்டு நாள் இல்லாம இப்ப என்ன பயம்? யாரப் பாத்துப் பயம்?"

அவள் எனக்காகப் பதில் சொன்னாள். என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, "தனியாக் கெடக்குல்ல தம்பி, பச்சப்புள்ளய வச்சுக்கிட்டு, அதான். எனக்கு இது தோணாமப் போச்சே" என்றாள். துணைக்கு ஆள் இருந்தால் நிலத்தை விற்க வேண்டியதில்லை என்று அவருக்கும் பட்டது. தலையாட்டிவிட்டு மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனார்.

பொழுது சாயும் நேரத்தில் வாசலில் காலடி கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கக்கத்தில் பாய், தோளில் தலையணை, கையில் பிள்ளைக்கென்று தூக்குவாளி நிறையப் பால்சோறு.

"கதவத் தெற தாயி" என்றாள். "இனி நான் இருக்கேன்ல."

நான் பிள்ளையை இறுக்கிக்கொண்டு தாழ்ப்பாளில் கைவைத்தபடி நின்றேன்.